கோட்டுக் கடதாசி எங்கே இருக்கிறது?

(மாத்தளை மாவட்டத் தோட்டக் குடும்பங்களுக்காகச் சீகிரியாவில் நடந்த ஒருநாள் ஒன்றுகூடலில் எமது நலன்புரிப் பிரிவினர் ஆற்றிய உரை. பெரும்பாலும் பேசியபடியே தரப்படுகிறது.)



காலையில் எல்லோரும் குன்று ஏறி இறங்கியிருக்கிறீர்கள். மலையில் கொழுந்து எடுக்கிற காலுக்கு இது பெரிதல்ல என்றாலும், இந்த வெயில் நமக்குப் பழக்கமில்லை. ஆகவே நீட்டி முழக்க மாட்டோம். ஆனால் சொல்ல வந்ததை முழுதாகச் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சீகிரியாவே ஒரு குடும்ப வழக்குத்தான். காலவாவியைக் கட்டிய தாதுசேன மன்னனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தான் மகன் காசியப்பன். உரிமைக்காரனான சகோதரன் முகலன் இந்தியாவுக்குத் தப்பி ஓடினான். அவன் திரும்பி வருவான் என்ற பயத்தில் காசியப்பன் இந்தக் கல்லின் மேல் ஏறிக் குடியிருந்தான் என்று சூளவம்சம் சொல்கிறது. கி.பி. 477 முதல் 495 வரை அவன் காலம். நீங்கள் பார்த்த கண்ணாடிச் சுவரில் பிற்காலத்தில் வந்தவர்கள் கீறி வைத்த பாட்டுக்கள் இருக்கின்றன. பேராசிரியர் செனரத் பரணவிதான அவற்றில் 685ஐப் படித்து 1956இல் புத்தகமாக வெளியிட்டார். ஆயிரம் வருடத்துக்கு முந்தி யாரோ ஒரு வழிப்போக்கன் கீறியதை இன்றைக்கும் வாசிக்கலாம். நம்முடைய ஆட்களுக்குப் பத்து வருடத்துக்கு முந்திக் கோட்டில் எழுதிய கட்டளை எங்கே இருக்கிறது என்று கேட்டால் தெரியாது. இன்றைய பேச்சு அதைப் பற்றியது.

எங்களுக்கு இது எப்படிப் புரிந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறோம்.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு தொழிலாளி காலமானார். அவருடைய ஊழியர் சேமலாப நிதிப் பணத்துக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் விண்ணப்பித்தார்கள். அவர் யாரையும் பின்னுரித்தாளியாகப் பெயர் கொடுத்திருக்கவில்லை. அந்த நேரம் இன்னொரு அம்மா விவாகச் சான்றிதழோடு வந்து நின்றார். முதல் மனைவி. சான்றிதழும் உண்மையானதுதான். நம்முடைய அம்மா, "அவங்க ரெண்டு பேரும் கோட்டுல பிரிஞ்சிட்டாங்க சாமி, அதுக்கப்புறந்தான் என்னை எழுதுனாரு" என்று சொன்னார். சரி அம்மா, அந்தக் கடதாசி எங்கே என்று கேட்டோம். "அவரு பெட்டிக்குள்ள வச்சிருந்தாரு. லயம் எரிஞ்சப்ப பெட்டியும் போச்சு."

நாங்கள் கோட்டுக்குப் போனோம். வழக்கு இலக்கம் என்ன என்று கேட்டார்கள். தெரியாது என்றோம். வருடம்? அந்த அம்மாவுக்கு வருடம் தெரியாது. மூத்த பிள்ளை வயிற்றில் இருந்தபோது என்று மட்டும் தெரியும். அன்றைக்குத் திரும்பி வந்தோம். எங்களுக்கு ஒரு நாள் லீவு, அந்த அம்மாவுக்கு ஒரு நாள் பேர் போனது.

இரண்டாம் முறை, மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழைப் பார்த்து வருடத்தைக் கணக்கிட்டுக்கொண்டு போனோம். வழக்குப் பதியும் பேரேட்டில் அந்த வருடத்திலும் முந்திய வருடத்திலும் தேடிப் பார்த்தார்கள். பெயர் இல்லை. மூன்றாம் முறை, வயதான லிகிதர் ஒருவர் நல்ல மனதோடு, "வேறு எப்படியெல்லாம் இந்தப் பெயரை எழுதுவார்கள்?" என்று கேட்டார். அதற்குப் பிறகுதான் கிடைத்தது. தமிழில் 'ழ' போட்டு எழுதுகிற பெயர் சிங்களத்தில் 'ல' ஆகி, முதலெழுத்தும் மாறி, அடையாளம் தெரியாமல் கிடந்தது.

கோவை கிடைத்த சந்தோசத்தில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். "தீர்ப்பின் பிரதி" என்று மாத்திரம் எழுதிக் கொடுத்தோம். கிடைத்த பிரதியை எடுத்துக்கொண்டு பணத்துக்குப் போனால், இது முடிந்த விவாகரத்து இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நாலாம் முறையும் போக வேண்டியதாயிற்று. கோவையின் கடைசித் தாளில், மூன்று மாதம் கழித்துப் போட்ட ஒரு கட்டளை இருந்தது. எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு தாள்தான். முதல் நாளே கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

ஏன் அப்படி என்று கொஞ்சம் விளக்க வேண்டும். பொது விவாகச் சட்டப்படி, அதாவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி எழுதிய கல்யாணத்தை மாவட்ட நீதிமன்றம்தான் கலைக்க முடியும். அங்கே இரண்டு படி இருக்கிறது. வழக்கு விசாரித்து முதலில் ஒரு தீர்ப்பாணை கொடுப்பார்கள். அதைக் கோட்டில் 'டிக்ரி நைசை' என்று சொல்வார்கள். அதோடு கல்யாணம் கலைந்துவிடாது. குறைந்தது மூன்று மாதம் போன பிறகுதான் அதை முடிவாக்கி 'டிக்ரி அப்சலூட்' போடுவார்கள். அன்றைக்குத்தான் கட்டு அறுகிறது. நம்முடைய ஆட்களில் எத்தனையோ பேர் முதல் கடதாசி கிடைத்ததும் வழக்கு முடிந்தது என்று தோட்டத்துக்கு வந்துவிடுகிறார்கள். பிறகு மறுகல்யாணம் எழுதப் போகும்போது பதிவாளர் கேட்பது இரண்டாவதை. முந்திய விவாகம் சட்டப்படி கலையாமல் எழுதிய அடுத்த விவாகம் செல்லாது. அதில் பிறந்த பிள்ளைகள்தான் பிற்காலத்தில் கஷ்டப்படும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லுகிறோம். தலைவர்மார் கோபித்துக்கொள்ளக் கூடாது. யூனியன் ஆபீசில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தாரும் கையெழுத்து வைத்த பிரிவுக் கடதாசி விவாகரத்து இல்லை. பொலிசில் எழுதிக் கொடுத்ததும் இல்லை. மத்தியஸ்த சபையில் பேசி முடித்ததும் இல்லை. சண்டையை நிறுத்த அவை உதவும், அதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்தைக் கலைக்கிற அதிகாரம் அங்கே கிடையாது.

பக்கத்துக் கிராமத்துச் சிங்களச் சகோதரர்கள் சிலர், "கோடு எதற்கு, கச்சேரியில் மாவட்டப் பதிவாளரிடம் போனால் போதும்" என்று சொல்வார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம், 1952இன் 44ஆம் இலக்கம், அவர்களுக்கு அந்த வசதியைக் கொடுக்கிறது. மாத்தளை கண்டிய நாடு ஆனபடியால் இதைக் கேட்டு நம்முடைய ஆட்கள் பிழையான இடத்துக்கு நடக்கிறார்கள். அந்தச் சட்டப்படி பதிந்த விவாகத்துக்கு மாத்திரமே அது. அதேபோல் முஸ்லிம் விவாகம் என்றால் காதி நீதிமன்றத்தில் தேட வேண்டும்.

இனி எந்தக் கோடு என்ற கேள்வி. 'குடும்ப நீதிமன்றம்' என்று 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. சில வருடத்துக்குள் அந்த வேலை மாவட்ட நீதிமன்றங்களுக்கே போய்விட்டது. ஆகவே அந்தப் பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். விவாகரத்து, பிள்ளையின் பாதுகாவல், சுவீகாரம் ஆகியவை மாவட்ட நீதிமன்றத்தில். தாபரிப்புப் பணம் நீதவான் நீதிமன்றத்தில். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி எடுத்த பாதுகாப்புக் கட்டளையும் நீதவான் நீதிமன்றத்தில்தான். ஒரே குடும்பத்துக்கு இரண்டு கோட்டிலும் கோவை இருக்கலாம், இரண்டு இலக்கமும் இருக்கலாம். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களுக்குக் கோட்டுக்குப் போகவே வேண்டாம். அவை பிரதேச செயலகத்தில் கிடைக்கும். இதைக் குழப்பிக்கொண்டு வீணாகப் பேர் இழந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள், கை தூக்கச் சொல்ல மாட்டோம்.

எந்த ஊர்க் கோடு என்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. விவாகரத்தைப் பொறுத்தமட்டில், வழக்கு வைத்தவர் அந்த நேரம் எங்கே குடியிருந்தார் என்று யோசியுங்கள். இரத்தோட்டையில் இருந்த மனைவி வைத்திருந்தால் மாத்தளைப் பக்கம் தேட வேண்டும். புருசன் தோட்டத்தை விட்டுத் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்கப் போய், அங்கிருந்து வழக்கு வைத்திருந்தால் தம்புள்ளையில் தேட வேண்டும். இந்தச் சீகிரியா ஹோட்டல்களில் வேலை செய்கிற நம்முடைய பொடியன்மாருக்கும் அப்படித்தான்.

தாபரிப்பு வழக்கைக் கேட்பவர் இருக்கிற இடத்திலும் வைக்கலாம், கொடுக்க வேண்டியவர் இருக்கிற இடத்திலும் வைக்கலாம். முந்தி 1889ஆம் ஆண்டின் பழைய சட்டம் இருந்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். இதில் கட்டளை மீறினால் பிடியாணை உண்டு, சம்பளத்தில் பிடிக்கச் சொல்லியும் கேட்கலாம். ஆனால் ஆள் தோட்டம் மாறி, ஊர் மாறிப் போனபின் இன்னொரு சட்டத்தரணியிடம் போய் நிற்கும்போது, அவர் முதலில் கேட்பது கட்டளையின் பிரதியைத்தான். "மாசம் இவ்வளவு கொடுக்கச் சொன்னாங்க" என்ற வாய்ப்பேச்சு அங்கே நிற்காது.

பெயர் விசயத்துக்குத் திரும்பவும் வருகிறோம். எங்கள் அனுபவத்தில் பாதிக் கஷ்டம் இதுதான். நம்முடைய ஆட்களுக்குச் செக்ரோலில் ஒரு பெயர், பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், வீட்டில் கூப்பிடுவது ஒன்று. அழகம்மா சிங்களத்தில் 'அலகம்மா' ஆகிறார். லெட்சுமி என்ற ஒரு பெயரை இங்கிலீசில் நாலு விதமாக எழுதுகிறார்கள். ஒரே டிவிசனில் மூன்று லெட்சுமி இருப்பார்கள். சிலருக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், சிலருக்குப் புருசன் பெயர் பின்னால் வரும். கோட்டு லிகிதர் என்ன செய்வார்? அவர் முன்னால் இருப்பது ஒரு பேரேடும் நீங்கள் சொன்ன ஓசையும்தான்.

ஆகவே போகும் முன்பு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உங்களுடைய பெயரும் மற்றப் பக்கத்தார் பெயரும், ஒவ்வொரு பத்திரத்திலும் எப்படி எப்படி இருக்கிறதோ அப்படியே, தமிழ், சிங்களம், இங்கிலீஸ் மூன்றிலும். இரண்டு பேருடைய தகப்பன் பெயர். அந்த நேரம் இருந்த தோட்டம், டிவிசன். கல்யாணம் எழுதிய திகதி. வழக்கு நடந்த வருடம் தெரியாவிட்டால் பிள்ளை பிறந்தது, வீடு மாறியது, ஒரு பெரிய ஸ்ட்ரைக், தேர்தல் என்று எதையாவது பிடித்துக் கணக்குப் பண்ணலாம். சிங்களம் எழுதத் தெரிந்த பிள்ளை ஒவ்வொரு லயத்திலும் இப்போது இருக்கிறது. அதை உட்கார வைத்து எழுதச் சொல்லுங்கள்.

வழக்கு இலக்கம் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. அது எங்கே இருக்கும்? பழைய அழைப்பாணையில் இருக்கும். பிஸ்கால் கொண்டுவந்து கொடுத்த கடதாசியை அடுப்பு பற்ற வைக்காமல் இருந்தால் அதில் இருக்கும். தாபரிப்புப் பணம் கட்டிய, வாங்கிய ரசீதில் இருக்கும். சட்டத்தரணி ஐயா அடுத்த தவணைத் திகதி எழுதிக் கொடுத்த துண்டில் இருக்கும். இலக்கத்துக்கு முன்னோ பின்னோ ஓர் எழுத்து நிற்கும்; அது எந்த வகை வழக்கு என்று காட்டுவது, அதையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மற்றப் பக்கத்தாரிடமே இருக்கவும் கூடும். வெட்கத்தை விட்டு ஒரு சொந்தக்காரர் மூலமாகக் கேட்டுப் பாருங்கள். நாங்கள் அப்படி ஒரு இலக்கத்தை முந்திய மாமியார் வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்து எடுத்திருக்கிறோம்.

கோட்டுக்குப் போனால் நேராகப் பதிவாளர் காரியாலயத்துக்குப் போக வேண்டும். காலையில் வழக்குக் கூப்பிடுகிற நேரம் அங்கே கையும் காலும் ஓடாது. கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். வழக்கு இலக்கம், பெயர்கள், உங்களுக்கும் அந்த வழக்குக்கும் என்ன சம்பந்தம், எதற்குத் தேவை, என்ன பத்திரம் வேண்டும் என்று விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டும். சில வேளை சட்டத்தரணி மூலமாக மோசன் போடச் சொல்வார்கள். கட்டணத்தை அங்கே சொல்லுகிறபடி கட்டி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிவறையிலிருந்து கோவை வர நாள் எடுக்கலாம். கேட்கும்போது 'உறுதிப்படுத்திய பிரதி' என்று கேளுங்கள். பதிவாளர் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் அதில் இருக்க வேண்டும். சும்மா போட்டோக் கொப்பி எந்தக் காரியாலயத்திலும் எடுபடாது. விவாகரத்து என்றால் இரண்டு தீர்ப்பாணையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். எங்களைப் போல நாலு முறை நடக்க வேண்டாம். ஒன்றுக்குப் பதிலாக இரண்டு மூன்று பிரதி ஒரேயடியாக எடுத்துவிட்டால் பிற்காலத்துக்கு நல்லது.

இப்போது ஒரு முக்கியமான விசயம். மாத்தளையிலும் தம்புள்ளையிலும் கோட்டு வேலை சிங்களத்தில் நடக்கிறது. கோவை முழுவதும் சிங்களத்தில் இருக்கும். வாசிக்கத் தெரியாமல் கையில் வாங்கி வந்து பெட்டியில் வைத்துவிடுகிறோம். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பத்து வருடம் கழித்துத் தெரிகிறது. நாட்டின் அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை, கோட்டில் நடக்கிற மொழி தெரியாத கட்சிக்காரருக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டும், அது அரசின் செலவு என்று சொல்லுகிறது. அதோடு விடவில்லை. சட்டப்படி நீங்கள் பெறக்கூடிய பதிவேட்டின் பகுதியை, அல்லது அதன் மொழிபெயர்ப்பை, உங்களுடைய மொழியில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு என்று அதே உறுப்புரை சொல்லுகிறது. இதை யாரும் தயவுக்காகத் தருவதில்லை. விண்ணப்பத்திலேயே "தமிழ் மொழிபெயர்ப்பும் தேவை" என்று ஒரு வரி எழுதுங்கள். மொழிபெயர்ப்பு முதலியார்மார் குறைவு, தாமதமாகும், அது உண்மை. தாமதமானாலும் கேட்டு எழுதி வைத்தால்தான் அது கேட்ட கணக்கில் வரும். அவசரம் என்றால் சிங்களப் பிரதியை முதலில் வாங்கிக்கொண்டு, மொழிபெயர்ப்பைப் பின்னால் வாங்கலாம்.

கைக்காசு இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. பல நீதிமன்ற வளாகங்களில் அதன் நிலையங்கள் உண்டு. வருமானம் குறைந்தவர் என்று காட்ட கிராம உத்தியோகத்தரின் கடிதமும் சம்பளத் துண்டும் கொண்டுபோங்கள். கோட்டு வாசலில் வந்து "நான் எடுத்துத் தாறேன்" என்று கையைப் பிடிக்கிறவனிடம் அடையாள அட்டையைக் கொடுக்காதீர்கள்.

சுவீகாரத்தைப் பற்றி ஒரு கேள்வி காலையில் ஒரு பாட்டி கேட்டார். "மக வெளிநாடு போயிட்டா, பேத்தியை நான்தான் வளர்க்கிறேன், எனக்குக் கடதாசி இருக்குமா?" என்று. பாட்டி, வளர்ப்பது வேறு, சட்டப்படி எடுப்பது வேறு. 1941ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் கட்டளை போட்டால்தான் சுவீகாரம். அது பதிவாளர் நாயகத்தின் ஏட்டில் பதியப்பட்டு அதற்கென்று சான்றிதழ் வரும். கோட்டுக்குப் போகாமல் வளர்த்தால் அப்படி ஒரு கோவையே இருக்காது, தேடிப் பிரயோசனமில்லை. உங்களுக்குத் தேவை பாதுகாவல் கட்டளையா, வேறு ஏதுமா என்று சட்ட உதவி நிலையத்தில் கேட்போம். சுவீகாரக் கோவையை யாரும் வந்து பார்க்க விடமாட்டார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளையின் நன்மைக்காக அப்படி.

இந்தக் கோவைகளின் பெறுமதி எவ்வளவு என்று அறிய வேண்டுமானால் வெளிநாட்டைப் பாருங்கள். 1980களில் இந்த நாட்டிலிருந்து ஆயிரக்கணக்கான கைக்குழந்தைகள் ஐரோப்பாவுக்குச் சுவீகாரம் போயின. ஏழைத் தாய்மாரின் பிள்ளைகள். 2017இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி ஒன்று இதைத் தோண்டி எடுத்தது. பெறாத பெண்ணைத் தாய் என்று நிறுத்தியதும் பொய்ப் பத்திரம் தயாரித்ததும் வெளியே வந்தன. 2021இல் அந்த நாடு வெளிநாட்டுச் சுவீகாரத்தையே நிறுத்தி வைத்தது. அந்தப் பிள்ளைகள் இன்று நாற்பது வயதைத் தொட்டவர்கள். அம்மாவைத் தேடி இங்கே வருகிறார்கள். அவர்கள் கையில் இருப்பது ஒரு பழைய கோட்டுக் கட்டளையின் பிரதி; அதில் இருக்கிற பெயர் உண்மையா பொய்யா என்பதுகூடத் தெரியாது. அதையே பிடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். நம்மிடம் உண்மையான பெயரோடு கடதாசி இருக்கிறது. நாம் அதை அடுப்புக்குப் போடுகிறோம்.

அந்த மாத்தளை அம்மாவின் காரியம் என்ன ஆயிற்று என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். கடைசித் தாளின் பிரதி கிடைத்தது. முதல் மனைவியும் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருக்கும் அதுவரை தெரியாது. பிரிந்த கல்யாணம் சட்டப்படி முடிந்துவிட்டது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சத்தம் போடவில்லை, எழுந்து போய்விட்டார். அவர் சார்பில் யாரும் எங்களோடு பேசவும் இல்லை. எங்களுக்கு அது இன்னும் மனதில் கிடக்கிறது. பணம் பிள்ளைகளுக்கும் தாய்க்கும் வந்தது. முதல் நாள் கோட்டுக்குப் போனதிலிருந்து எண்ணினால் எட்டு மாதம்.

பஸ் நாலு மணிக்குப் புறப்படும். இப்போது தேத்தண்ணி தருவார்கள். பழைய அழைப்பாணை, ரசீது, துண்டு எதுவும் கொண்டுவந்தவர்கள் குடித்துவிட்டு முன் மேசைக்கு வாருங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேர் அங்கே இருப்பார்கள். பாட்டி, நீங்கள் முதலில் வாங்க.